லீவு போடாத வீடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடி வீட்டுக்காரர் ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டியை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார், தம்பி உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஆனால் நடந்தது வேறு. போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் அழுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் தம்பியின் கூட்டாளிக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்று பிள்ளைகள் சேர்ந்து விருந்து வைத்தார்கள். இவனும் குடித்திருக்கிறான், பழக்கம் இல்லாத பிள்ளை, அளவு தெரியவில்லை. வந்து படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. லீவே போடாத நம் வீட்டுப் பெருமை உனக்குத் தெரியுமே, கல்யாணத்துக்கு மறுநாளே பிஸ்கட் கம்பெனி அடுப்பு முன்னால் போய் நின்றவன் நான், உன் அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். போய்ப் போர்வையை இழுத்தேன். "அப்பா, தலை இன்னும் சுத்துது, இன்னைக்கு லீவு போட்டுடறேன், குடிச்ச மறுநாள் வண்டியத் தொடாதேன்னு அக்கா சொல்லியிருக்கா" என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "குடிக்கத் தெரிஞ்சவனுக்கு வேலைக்குப் போகத் தெரியாதா, அக்கா என்ன பெரிய டாக்டரா" என்று கத்தினேன். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, கடுங்காப்பி கொடுத்து, பைக்கில் கொண்டுபோய்க் கிடங்கு வாசலில் நானே இறக்கிவிட்டு வந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் பெருமைதான்.

கிடங்கில் அவன் ஓட்டுவது மூட்டை தூக்கும் வண்டி, முன்னால் இரண்டு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்குமே, அது. ஆள் நிற்பதைப் பார்த்திருக்கிறான், பிரேக்கை அழுத்தக் கால் தாமதித்துவிட்டது. நின்றவர் மீசைக்காரர். நம் வீட்டு அலமாரியைத் தூக்கிவந்து வைத்துவிட்டு, மீசையை ஏற்றி இறக்கி உன்னைச் சிரிக்கவைத்தாரே, அந்த மூட்டைக்காரரேதான். வண்டி மோதி அவருக்குக் கால் முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இனிமேல் மூட்டை தூக்க முடியுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. தம்பியை ஊதச் சொன்னார்கள், இரவு குடித்தது காலையிலும் காட்டிக்கொடுத்துவிட்டது. போதை இறங்க நேரம் ஒன்றுதான் வழி, குளியலும் காப்பியும் முழிப்பைக் கொடுக்குமே தவிர வேறொன்றும் செய்யாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ சொன்னதும் அதுதானே.

மீசைக்காரரைப் பார்க்கப் போனேன். "தம்பி சாப்பிட்டானா, அவன ஒண்ணும் சொல்லாதீங்க" என்கிறார் அந்த மனுஷன். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். இன்னும் கேள், கிடங்கு விசாரணையில் "நானேதான் வந்தேன், யாரும் அனுப்பல" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான் உன் தம்பி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குச் சோறு இறங்கியிருக்கும். அம்மாதான், "லீவு கேட்ட பிள்ளைய இழுத்துட்டுப் போனீங்களே" என்றாள்.

நாளைக்குக் கிடங்கு மேனேஜரைப் பார்க்கப் போகிறேன். வரமாட்டேன் என்ற பிள்ளையைக் கொண்டுவந்து தள்ளியவன் நான்தான் என்று சொல்லப்போகிறேன். மீசைக்காரரிடமும் சொல்ல வேண்டும். தம்பிக்கு வேலை மிஞ்சுமா என்று தெரியவில்லை.

நீயும் ஆபீஸ்காரர்களோடு வெளியே போகிறாய் என்று அம்மா சொன்னாள். முன்பென்றால் குதித்திருப்பேன், இப்போது அதற்கு எனக்கு வாயில்லை. வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ, போதும் என்று தோன்றினால் யார் கிண்டல் செய்தாலும் போதும் என்று சொல், காரை வீட்டிலேயே விட்டுவிடு. மறுநாள் தலை பாரமாக இருந்தால் லீவு போடு. யாராவது கேட்டால் அப்பா சொன்னார் என்று சொல்.

நல்ல ஆயுசோடு நன்றாக இரு அம்மா. மறக்காமல் தம்பியிடம் பேசு, நான் பேசினால் தலையைக் குனிந்துகொள்கிறான். நாளைக்காக எங்கள் பிஸ்கட் கம்பெனிக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டேன். எடுத்தவருக்கு நம்பவே முடியவில்லை, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா