நீ வரும்வரை திறக்காத பாட்டில்

இன்று காலை சர்க்கரை டப்பாவைச் சுற்றிக் கோடு போட எறும்புச் சாக்பீஸை எடுத்தேன். கை பாதியில் நின்றுவிட்டது. பக்கத்திலேயே உன் ஹோமியோபதி மாத்திரை பாட்டில், கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரே அலமாரியில் விஷமும் விருந்தாளியும். எந்தப் பக்கம் நிற்பதென்று இந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

நம் வீடே அப்படித்தான். வாசலில் நீ அரிசிமாவில் கோலம் போட்டு எறும்புக்குச் சாப்பாடு வைப்பாய். சமையலறையில் நான் அதே எறும்புக்கு எமன். தருமபுரத்திலேயே இப்படி ஒரு பொருத்தம் கிடையாது என்று சிரிப்பாய்.

ஐப்பசியில் முதல் மழை விட்ட சாயங்காலம், துவைக்கிற கல்லில் பெரிய கறுப்பெறும்பு ஒன்று இறகை உதிர்த்துவிட்டு ஓடியது. நான் செருப்பைத் தூக்கினேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய்.

"ஏங்க, இது ராணிங்க. இனிமேதான் குடும்பம் நடத்தப் போறா."

காலி மாத்திரை பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர், அது சிந்தாமல் பஞ்சு, உள்ளே ராணி, மூடிக்குப் பதில் இன்னொரு பஞ்சு. தீனி வேண்டாமா என்றேன். ஃபோனில் படித்துவைத்திருந்தாய் போல.

"ஒண்ணும் வேணாம். ரெக்கைக்குன்னு இருந்த சதையக் கரைச்சே புள்ளைங்கள வளத்துடுவா. இருட்டுல ஆட்டாம விட்டாப் போதும்."

அந்த வாரம் எனக்கு வரும் பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று வாங்கக் கிளம்பினேன். "நீங்க உசுரோட இருக்கீங்கன்னு எழுதிக் குடுக்க ஆபீசு இருக்கு. இவளுக்கு நான்தான்" என்று துணியை விலக்கிப் பார்த்தாய். பிறகு வாரம் ஒருமுறை பார்த்தாய்.

கார்த்திகையில் உனக்கு நெஞ்சுவலி. ஆட்டோவில் ஏறும்போதுகூட, "முட்டை வச்சிருக்கா. நான் வர்ற வரைக்கும் பாட்டிலத் தொறக்காதீங்க" என்றாய்.

நீ வரவில்லை. நானும் திறக்கவில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் பழைய மருந்தென்று தூக்கிப் போடப் பார்த்தபோது சண்டை போட்டு வாங்கி வைத்தேன். துணியை விலக்கிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

இன்று விலக்கினேன். ராணியைச் சுற்றி ஐந்து குட்டி எறும்புகள். சிரித்தேனா அழுதேனா, எனக்கே புரியவில்லை. பாரிசில் இருக்கும் மகளைக் கூப்பிட்டேன்.

"புள்ளைங்க வந்துட்டா தீனி வைக்கணும்ப்பா. இல்லன்னா எல்லாம் செத்துடும். தொறங்க."

"அம்மா வர்ற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னு சொன்னாளேம்மா."

என்ன சொன்னேன் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

வெகுநேரம் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். திறந்தால், நீ இனி வரமாட்டாய் என்று நானே கையெழுத்துப் போட்டது போலாகும். திறக்காவிட்டால் உன் ராணி செத்துப்போவாள்.

மத்தியானம் பஞ்சை உருவினேன். உன் மாத்திரை வாசனை குப்பென்று வந்தது. தீக்குச்சி முனையில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். குட்டி ஒருத்தி வந்து குடித்தாள். திரும்பிப் போய்த் தாயின் வாயோடு வாய் வைத்து ஊட்டினாள்.

உன் பேச்சைக் கேட்டேனா மீறினேனா, இப்போதும் விளங்கவில்லை. சாக்பீஸைக் குப்பையில் போட்டுவிட்டேன். சர்க்கரை டப்பாவில் அதற்குள் எறும்பு வந்தாகிவிட்டது, திட்டாதே.

பஞ்சை மறுபடி வைத்துத் துணியைப் போர்த்தியிருக்கிறேன். அடுத்த வாரம் விலக்கிப் பார்க்க வேண்டும். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. அதற்காவது நான் இருக்க வேண்டும்.