பேராயர் பயந்ததைச் சொல்லவில்லை

அக்டோபர் 22, புதன்

காலையிலிருந்து தூறல். தீபாவளி விடுமுறை முடிந்து முதல் ஷிப்ட். தகடு வெட்டும் பிரஸ் லைனில் செல்வியின் இடத்தில் புதுப்பெண், ஒடிசாக்காரி. போன வாரம் அங்கேதான் செல்விக்கு இரண்டு விரல் போனது. தரையைக் கழுவிவிட்டார்கள். ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

மதியம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். மேசையில் டைப் செய்த தாள்.

"ஹெதரபேடம்மா." பயப்படாதே என்று கன்னடத்தில். சிரித்துக்கொண்டே. "நீ குவாலிட்டில இருக்கற, டிகிரி படிச்ச பொண்ணு. நீ சொன்னா விசாரிக்க வர்ற ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் நம்புவாரு."

கை உள்ளே சிக்காதபடி, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். வேகம் வேண்டுமென்று ஒரு பொத்தானை டேப் ஒட்டி அழுத்தியே வைப்பது எங்கள் லைன் வழக்கம். ஒட்டச் சொல்வது இதே சூப்பர்வைசர்தான். தினமும் பார்க்கிறேன். தாளில் இருந்தது: செல்வியே யாருக்கும் தெரியாமல் ஒட்டினாள்.

கையெழுத்துப் போட்டேன். பேனாகூட அவருடையது.

அக்டோபர் 23, வியாழன்

தூக்கமில்லை. வாங்க வேண்டியது: சோப்பு, ஊக்கு, தலைவலி மாத்திரை.

வருவது சீர்திருத்த ஞாயிறு, கத்தோலிக்கத்திலிருந்து எங்கள் சபை பிரிந்ததை நினைக்கும் நாள். சபையில் பத்து நிமிடம் நான் பேச வேண்டும். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பேராயர் ஒருவரைப் பற்றி. பாஸ்டரம்மா கொடுத்த சின்னப் புத்தகம். குறிப்பு:

கல்லூரியில் பாடம் சொன்னவர். கூச்சக்காரர் போல.
ராஜாவின் கல்யாணச் சிக்கலைத் தீர்க்க உதவினார். பேராயர் ஆக்கினார்கள்.
மனைவியை மறைத்து வைத்திருந்தார். குருமார் கல்யாணம் செய்யக் கூடாது, ராஜாவுக்குப் பயந்து.
மக்கள் பேசும் பாஷையில் ஜெபப் புத்தகம்.
பிறகு ராஜாவின் மகள் ராணியானாள். பழைய கத்தோலிக்க சபைக்காரி. சிறை. நண்பர்களை உயிரோடு எரிப்பதைப் பார்க்க வைத்தார்கள்.
தன் விசுவாசம் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு தடவை அல்ல, பல தடவை.

இங்கே புத்தகத்தை மூடிவிட்டேன்.

அக்டோபர் 25, சனி

மீதியையும் படித்தேன். கையெழுத்துப் போட்டும் அவரை விடவில்லை, எரிக்கவே தீர்ப்பு. கடைசி நாள் எல்லார் முன்னாலும் எழுதியது பொய் என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்ட கையை முதலில் நெருப்பில் நீட்டினார்.

பாஸ்டரம்மாவிடம் பேச்சை வாசித்துக் காட்டினேன்.

"பயந்து எழுதிக் குடுத்தத விட்டுடும்மா. சின்னப் பசங்க இருப்பாங்க. தைரியமா செத்தாருன்னு முடிச்சிடு."

"சரிங்க ஆன்ட்டி."

எதற்கும் சரி என்றே வருகிறது என் வாயில்.

அம்மா போன். அவளுக்கு மாங்கூழ் ஆலையில் இனி அடுத்த சீசனுக்குத்தான் வேலையாம். "நீ இருக்கியே கண்ணு, எனக்கென்ன கவலை."

அக்டோபர் 26, ஞாயிறு

பேசினேன். தைரியமாகச் செத்தார் என்றே முடித்தேன். கை தட்டினார்கள்.

கடைசி வரிசையில் செல்வி, அவளும் எங்கள் சபைதான். கட்டுப் போட்ட கையோடு. ஆராதனை முடிந்ததும் செருப்பு விடும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா சொன்னக்கா. அவரு பயப்படவே இல்லியா? எனக்குப் படுத்தா பிரஸ் சத்தம்தான் கேக்குது."

நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

"நானே டேப் ஒட்டிக்கினேன்னு யாரோ எழுதிக் குடுத்துட்டாங்களாம். நஷ்டஈடு கெடைக்காதாம், வேலையும் இல்லியாம். எவ அவ? அவ வாயில புழு வெக்க."

"ரொம்பப் பயந்தாரு செல்வி. பயந்து எழுதிக் குடுத்தாரு."

"யாரு?"

"பேராயர். நானும்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. துப்பட்டாவை இழுத்துக் கைக்கட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 27, திங்கள்

வெயில். கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார், என்னை மேலே ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்திலேயே சூப்பர்வைசர்.

"இது உன் கையெழுத்தாம்மா?"

"ஆமா சார்."

"எழுதியிருக்கறது உண்மையா?"

பேராயர் நினைவுக்கு வரவில்லை. அம்மாதான் வந்தாள். அப்புறம் அந்தத் துப்பட்டா.

"இல்ல சார். டேப் ஒட்டச் சொல்றது இவருதான்."

சொன்னது என் குரல் மாதிரியே இல்லை. சூப்பர்வைசர் இப்போது சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். தலை நிமிரவே இல்லை.

சாப்பாடு அப்படியே இருக்கிறது. என் மேசையில் யாரும் உட்காரவில்லை. புதுப்பெண் மட்டும் தட்டோடு வந்தாள், யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டரின் ஜீப் கேட்டைத் தாண்டிவிட்டது. ஆபீஸ் பையன் வந்து சொல்கிறான், மறுபடி மேலே வரச் சொன்னார்களாம். மேனேஜர் மட்டும் இருக்கிறாராம்.