வளர்மதியின் பதிவெண்

துறைமங்கலம்,
பெரம்பலூர்.
11.6.2006

அன்பு மகள் தேவயானிக்கு அப்பா எழுதுவது. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளை பிரேம்குமாரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு இதை ஆரம்பிக்கிறேன். வாரா வாரம் இமெயில் போடுகிற மனுஷன் எதற்குப் பேனாவை எடுத்தார் என்று யோசிப்பாய். கம்ப்யூட்டரை நான் தொட்டுப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. தூசி படாமல் இருக்கட்டும் என்று உன் அம்மா ஒரு பழைய துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் அதன் முன்னால் உட்கார முகமில்லை.

இங்கே தேர்தல் முடிந்த கையோடு தெருவில் எல்லாரும் இலவசக் கலர் டிவி எப்போது வரும் என்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். திருச்சி ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்துகிறார்கள், புளியமரம் எல்லாம் போய்விட்டது, அடுத்த தடவை நீ வரும்போது நம் நிறுத்தம் எது என்று தேடத்தான் வேண்டும். நீ அனுப்பிய தமிழ் எழுத்துருவை ஏற்றினேன், முதலில் கட்டம் கட்டமாக வந்தது, இரண்டு நாள் மல்லுக்கட்டிச் சரி பண்ணினேன். அதைத் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்றால் நீ நம்புவாய். அப்படித்தான் ஆகிவிட்டேன் அம்மா. எறையூர் ஆலையில் கரும்பு எடை போட்டு எழுதுகிற வேலை முப்பத்திரண்டு வருடம் பார்த்தேன், யாரும் என்னை ஏறிட்டுப் பார்த்தது கிடையாது. ரிட்டயர் ஆகி இந்தக் கம்ப்யூட்டர் வந்த பிறகு பாஸ்போர்ட் பாரம், ரயில் நேரம், மழை வருமா வராதா என்று எதற்கெடுத்தாலும் சார் வூட்டுக்குப் போ என்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு ருசித்துப்போயிற்று.

போன மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று காலையிலேயே நம் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர். நான் கம்ப்யூட்டரை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு பெயரையும் மார்க்கையும் உரக்கப் படித்தேன். போன் லைன் நாலு தடவை அறுந்தது, ஒவ்வொரு பக்கமும் வர ஐந்து நிமிஷம். ஆறாவதாக வளர்மதி பதிவெண் எழுதிய சீட்டை நீட்டினாள். எதிர் வரிசையில் குடியிருக்கிற சாந்தாவின் பெண். சாந்தாவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர்கள். பால்வாடியில் சமைக்கிறாள், புருஷன் செல்லமுத்து அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர், மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். சாந்தா என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். வளர்மதியின் எண்ணை அடித்தேன், பக்கம் வந்தது, வளர்மதி என்று பெயரும் வந்தது. கணக்கில் முப்பத்தொன்பது, இயற்பியலில் ஐம்பத்திரண்டு. இருநூறுக்கு. அத்தனையையும் நான் சத்தமாகப் படித்துவிட்டு, ஃபெயில் என்றும் சொன்னேன். வளர்மதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இன்னொரு தடவ பாருங்களேன்" என்றாள். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்களே என்ற அவசரம் எனக்கு. அதைவிட, நான் பார்த்ததை இன்னொரு தடவை பார்க்கச் சொல்கிறாளே என்ற எண்ணம். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்று சொல்லி அடுத்த சீட்டை வாங்கினேன். அவள் எப்போது நகர்ந்து போனாள் என்றுகூட நான் கவனிக்கவில்லை.

பகல் ஒரு மணிக்கு மேல் அவளோடு படித்த பெண் ஒருத்தி ஓடி வந்து, பள்ளிக்கூடத்துப் பலகையில் வளர்மதி ஆயிரத்துப் பதினாலு என்று ஒட்டியிருக்கிறார்கள், அவளை எங்கே என்று கேட்டாள். சாந்தா அப்போதுதான் வேலை முடிந்து வந்தாள். வீட்டில் வளர்மதி இல்லை. நான் உள்ளே போய்ச் சீட்டைத் தேடி எடுத்து மறுபடி அடித்தேன். கடைசி எண் நாலு. காலையில் என் விரல் பக்கத்து அஞ்சில் விழுந்திருக்கிறது. அஞ்சில் முடிகிற எண் அதே பள்ளிக்கூடத்தில் இன்னொரு வளர்மதியுடையது. பெயர் வரிசைப்படி எண் கொடுக்கிறார்கள், அதனால் இரண்டு வளர்மதியும் அடுத்தடுத்து. செல்லமுத்து மகளுக்கு இங்கிலீஷில் இனிஷியல் சி, மற்றவளுக்கு இ. அந்த ஒரு எழுத்தை நான் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் எடைச் சீட்டில் ஒரு எண் பிசகாமல் எழுதியவன் என்று உன்னிடமே எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன். வெளியே வந்தால் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் பக்கத்தை மூடிவிட்டு வந்து, சர்வரில் கோளாறு, நெட்டே தப்பாகக் காட்டியிருக்கிறது என்றேன். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற வீராயி, பதினோரு மணி வாக்கில் அந்தப் பிள்ளை அரியலூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தேன் என்றாள். அரியலூர் என்றதும் எனக்கு ரயில் தண்டவாளம்தான் கண்ணில் வந்தது, சாந்தாவுக்கும் அதுதான் வந்திருக்கும். அடுத்த பஸ்ஸில் ஏறினோம். ஒரு மணி நேரப் பயணம் தேவயானி, நீ ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிய அன்றுகூட எனக்கு அவ்வளவு நீளமாக இல்லை. வழியெல்லாம் சாந்தா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு தடவை, "நீங்க கூட வந்தது பெரிய தெம்புண்ணே" என்றாள். அந்த இடத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியிருந்தால்கூடத் தேவலை.

ரயில்வே ஸ்டேஷனில் கடைசிப் பெஞ்சில் வளர்மதி உட்கார்ந்திருந்தாள். கையில் டிக்கெட் இல்லை, பை இல்லை, காலில் செருப்பும் இல்லை. மூன்று ரயில் நின்று போயிருக்கிறது என்று பிளாட்பாரத்தில் டீ விற்றவர் சொன்னார். இந்தப் பிள்ளை எழுந்து எழுந்து ஓரம் வரை போய் நின்றுவிட்டு வந்து உட்காருகிறதே என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். சாந்தா அவளை அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள், நீ பாஸுடி என்று அழுதாள். எதற்கு இங்கே வந்தாய் என்று கேட்டதற்கு, எனக்கே தெரியல என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லிருச்சா மாமா?" என்று கேட்டாள். நான் எழுத வந்ததே இதைத்தான். அந்தப் பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஆமாம்மா, சர்வர் கோளாறு" என்றேன். அங்கேயும் அதே பொய். விரல் தவறியது யாருக்கும் நடக்கும். இதற்கு என்ன பெயர் வைப்பது?

மறுநாள் சாந்தா கேசரி கொண்டுவந்தாள், என் பிள்ளையைத் தேடி மீட்டுக் கொடுத்தது அண்ணன்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கேசரியைச் சாப்பிடவில்லை. உன் அம்மா என்ன ஏது என்று கேட்டாள், அன்று ராத்திரி அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. நீங்களா சொல்லப்போறீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டாள். அப்படியும் எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பாரத்தை எடுத்துக்கொண்டு வளர்மதியே வந்தாள். பூர்த்தி செய்திருக்கிறேன், எண் சரியா என்று பாருங்கள் என்றாள். அதில் இருந்த அந்த நாலைப் பார்த்ததும் பாரத்தைக் கீழே வைத்தேன். சொன்னேன். சர்வர் இல்லை, என் விரல்தான், நீ கேட்டும் நான் திரும்பப் பார்க்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாரத்தை எடுத்து மடித்துக்கொண்டே, "தெரியும் மாமா. நீங்க படிச்சது இ. வளர்மதி மார்க்கு. எம் பக்கத்து பெஞ்சுதான் அவ. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். பிறகு மெதுவாக, அவள் மார்க்கைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்துவிட்டீர்கள், அது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கே சாந்தா வீட்டு வாசலில் போய் நின்று சொன்னேன். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். சாந்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றைக்கு எட்டாம் நாள். எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். அவள் செய்வது நியாயம். மன்னிப்புக் கேட்டவுடன் கிடைத்துவிட வேண்டும் என்று நினைப்பதும் ஒரு வகைத் திமிர்தானே. வளர்மதிக்கு அரியலூர்க் காலேஜில் பி.எஸ்ஸி. கணிதம் கிடைத்துவிடும் போலிருக்கிறது. மற்ற வளர்மதி மறுதேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாளாம், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வேலை வேலை என்று நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்காதே, இரண்டு பேரும் ஆண்டவன் அருளால் நோய் நொடியில்லாமல் நிறைந்த வாழ்வு வாழ வேண்டும். அம்மா உனக்கு வடகம் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம். ஒன்றை மறக்காதே. உன் ஆபீஸில் எங்க அப்பா அறுபது வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். இதையும் அவர்களிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
கு. சிங்காரவேலு