போக்கியத்துக்குப் போன கார்

உ

ஆரணி
18-2-82

அன்பு மகள் சாவித்திரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், கார் ஒன்றுக்குத்தான் சுகமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும், வயிற்றில் இருக்கிற துரையோ துரைசானியோ அவர்களும் சுகமா என்று எழுதவும். உன் கடுதாசி போன வெள்ளிக்கிழமை வந்தது. பிரசவத்துக்கு உன்னை இங்கே அனுப்புகிறார்கள் என்று படித்ததும் அம்மா தபால்காரருக்கே டீ போட்டுக் கொடுத்தாள். அடுத்த வரியைப் படித்ததும் எனக்குத்தான் டீ இறங்கவில்லை. ரயிலில் படுத்துக்கொண்டு வரலாம், பஸ் குலுக்கல் மட்டும் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னதாகவும், காட்பாடி ஸ்டேஷனுக்கு அப்பா சொந்தக் கார் எடுத்துக்கொண்டு வருவார் என்று நீ சொன்ன பிறகுதான் உன் மாமியார் சம்மதித்தார்கள் என்றும், கார் இல்லையென்றால் பிரசவம் பம்பாயிலேயேதான் என்றும் எழுதியிருக்கிறாய்.

நிற்க. அந்தச் சொந்தக் காரைப் பற்றி உனக்கு எழுதாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது. போன வருஷம் செய்யாறு டாக்டர் ஒருவரிடம் அந்தப் பழைய கறுப்புக் காரை வாங்கினபோது, வியாபாரப் புடவை மூட்டையை பஸ் மேலே ஏற்றி இறக்குகிற பேஜார் விட்டது என்று உனக்கு இரண்டு பக்கம் அளந்தேன் அல்லவா. மூட்டைக்கு இரண்டு ரூபாய் லக்கேஜ் கொடுத்துக்கொண்டிருந்தவன் அதை மிச்சம் பிடிக்கப் போய் பெட்ரோல், ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ், பேட்டரி என்று கொட்டினேன். எட்டாவது படித்த கணக்கு அவ்வளவுதான் வரும். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம வண்டிதான், இல்லை என்றால் பகை, கொடுத்தால் டேங்க் காலி. மெக்கானிக் சம்பந்தம் இப்போது மாடி கட்டுகிறார். நான் அந்தப் பக்கம் போனாலே அவர் வீட்டம்மா நாற்காலி எடுத்துப் போடுகிறாள்.

சலித்துப்போய் வண்டியை வாசலில் நிறுத்தியிருந்த சமயத்தில், தீபாவளி கழிந்து, களம்பூர் ரைஸ் மில் வேடியப்பன் வந்தார். சும்மா நிறுத்திகினு இருக்கீங்களே, ஒரு வருஷத்துக்கு எனக்கு லீஸுக்கு விடுங்க என்றார். லீஸ் என்றால் போக்கியம் என்று நினைத்துக்கொண்டேன், வேறு என்ன நினைப்பேன் சொல். நீ பிறந்த கொசப்பாளையம் வீடு நமக்குப் போக்கியம்தானே. தொகையைக் கொடுத்துக் குடியேறினோம், ஓடு மாற்றினது சுண்ணாம்பு அடித்தது எல்லாம் நாம்தான், வீட்டுக்காரரை ஓர் ஆணி கேட்டிருப்போமா, காலி பண்ணும்போது தொகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தோம். அதே மாதிரி வேடியப்பன் ஆறாயிரம் கொடுத்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பத்திரம் முழுக்க இங்கிலீஷ். கையெழுத்து தமிழில் போட்டால் போதும் என்றார்கள், அது எனக்கு நன்றாக வரும் என்று போட்டுவிட்டேன். ஒரு வருஷம் கழித்துத் திருப்பித் தரவேண்டிய பணமாச்சே என்று அதில் ஒரு பைசா தொடாமல் பீரோவில் பூட்டி வைத்தேன்.

பதினைந்தாம் நாள் மில் டிரைவர் திருமலை வாசலில் வந்து ஆரன் அடிக்கிறான். டயர் வெடிச்சிடுச்சு, ஜல்தி புதுசு வாங்கிக் குடுங்க என்றான். போக்கியத்துக்கு எடுத்தவர்தானப்பா செலவு பார்க்கணும் என்றேன், அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். களம்பூருக்கே போனேன். மில் கணக்குப்பிள்ளை பத்திரத்தைத் தமிழில் படித்துச் சொன்னார். ஆறாயிரமும் பன்னிரண்டு மாச வாடகையாம், டயர் பேட்டரி ரிப்பேர் எல்லாம் சொந்தக்காரன் தலையிலாம். வேடியப்பனைக் குற்றம் சொல்ல முடியாது. ஏங்க, வூட்டுக்குப் போக்கியம் கேள்விப்பட்டுக்கிறேன், காருக்கு எந்த ஊர்ல போக்கியம் போடறாங்க என்று நெல் குத்துகிற சத்தத்தையும் மீறிச் சிரித்தார். அந்த ஆறாயிரமும் இப்போது பீரோவில் இல்லை, டயராகவும் கியர் பாக்ஸாகவும் களம்பூர் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைத்தெருவில் என் பெயரும் மாறிவிட்டது, போக்கியக்காரரே என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாக்கியம் பாக்கியம்னு வாங்கினீங்க, ஒரு கொம்பு சேர்ந்து போக்கியமாப் போச்சு என்கிறாள் உன் அம்மா.

உன் கடுதாசி வந்த மறுநாளே போய் வண்டியைக் கேட்டேன். எப்ப வேணா எடுத்துக்குங்க, ஆனா அன்னிக்கு நெல்லு பார்க்கப் போக நான் வேற வண்டி வெக்கணும், நாப்பது ரூபா ஆவும் என்றார். சாவித்திரி, என் காருக்கு நானே வாடகை கொடுத்தேன். பெட்ரோலும் என்னுடையது. உன்னை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காட்பாடிக்குக் கிளம்பினோம். திருமலை ஓட்டினான். நீ உட்காரப்போகிற இடத்தில் அம்மா உட்கார்ந்து, மடியில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டாள். தண்ணீர் சிந்தாமல் போய் வந்தால் உன்னை ஏற்றலாம் என்பது அவள் கணக்கு. கண்ணமங்கலம் போவதற்குள் அவள் புடவை நனைந்துவிட்டது. அங்கே வண்டி நாலு இருமல் இருமி நின்றேவிட்டது. நானும் அம்மாவும் இறங்கித் தள்ளினோம். அவள் சொம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் தள்ளினாள். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. அப்படியே திரும்பி வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு வந்து சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னைத் தள்ள வெச்சீங்க, அது போவட்டும், எம்பொண்ணு இதுல ஏற மாட்டா என்றாள்.

உன்னிடம் மறைப்பானேன், இரண்டு நாள் தூக்கம் சரியாக இல்லை. புடவை மூட்டைக்காக வண்டி வாங்கினேன் என்று ஊரெல்லாம் சொன்னேன், அது பாதிதான் நிஜம். உன் கல்யாணத்தில் உன் மாமியார், இங்க யார் வூட்லயும் காரே இல்லீங்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது அந்தப் பெருமை உன்னை இங்கே வரவிடாமல் குறுக்கே நிற்கிறது. நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வேலூர் போனேன். டாக்சி ஸ்டாண்டில் ஒரு நல்ல வண்டி பேசி, அம்மா அதே சொம்போடு பின்னால் ஏறி, காட்பாடி போய்த் திரும்பினோம். அந்த டிரைவர் எங்களை என்ன நினைத்தாரோ. தண்ணீர் தளும்பியது, சிந்தவில்லை. நீ வருவதாக எழுதின பங்குனி மூன்றாம் தேதிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

ரயிலில் கீழ் பெர்த்தாகக் கேட்டு வாங்கு. ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்கிறேன் என்று இறங்காதே, கூட வருகிறவர்களிடம் சொல். கோச் நம்பரை முன்னாலேயே எழுது, பிளாட்பாரம் முழுக்க ஓட இப்போது மூச்சு இல்லை, உள்ளதை எல்லாம் வண்டி தள்ளியே செலவழித்துவிட்டேன். இந்தக் கடுதாசியை மாமியாரிடம் ஒளிக்க வேண்டாம். முழுசும் படிக்க அவர்களுக்கு நேரமில்லாவிட்டால் மாப்பிள்ளையை இந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டச் சொல். சம்பந்தியம்மா அவர்களுக்கு, காட்பாடிக்குக் கார் கட்டாயம் வரும், வருகிறது என் கார் இல்லை, ஆகையால் தைரியமாக அனுப்பி வைக்கலாம். அவர்கள் சொல்லும் பதிலை மறு தபாலில் எழுதவும், அதுவரைக்கும் அம்மா சொம்பை நிமிர்த்த மாட்டேன் என்கிறாள்.

நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர அம்மனை வேண்டிக்கொண்டு, ஆசிகளுடன்,

உன் அப்பா,
ம. தருமன்
(ஊரில் விசாரித்தால் போக்கியக்காரர்)