ரேவதிக்குக் கிடைத்த கைக்கோடாரி

ஞாயிறு, இரவு

காலையில் எங்கள் தொல்பொருள் குழுவோடு வாலாஜாபாத் பக்கம் பாலாற்றங்கரைக்குப் போனேன். எத்தனையோ வருடமாகப் போகிறேன், உடைந்த பானை ஓடுகள்தான் கிடைத்திருக்கின்றன. ரேவதி இன்றுதான் முதல்முறையாக வந்தாள். நான் தேடிவிட்டு நகர்ந்த அதே மேட்டில் ஒரு கல்லை எடுத்தாள்.

"இன்னாக்கா இது, கூரா இருக்குது?"

"சும்மா உடைஞ்ச கல்லும்மா, போட்டுடு" என்றேன். அது என்னவென்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

குழுவை நடத்தும் மணி சார் ஓடிவந்து வாங்கிப் பார்த்தார். "கற்காலத்துக் கைக்கோடாரிம்மா இது!"

எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். அவளோ அதை என்னிடம் நீட்டினாள்.

"புடிச்சுப் பாருங்கக்கா."

என் உள்ளங்கையில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. கடைசியில் அவளே என் விரல்களைப் பிரித்து வாங்கிக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.