அக்காவின் போனுக்கு வந்த விளம்பரம்

அன்புள்ள அக்கா,

நேற்று அவசரத்தில் உன் போனை மாற்றி எடுத்துப் போய்விட்டேன். எங்கள் விளம்பர அலுவலகம் வெளியிட்ட நர்ஸ் பயிற்சி விளம்பரம் பக்கத்து மேசைக்காரியின் போனில் வந்தது. உன்னுடையதில் துப்புரவு வேலையும் சிவப்பழகு க்ரீமும்தான். உன் பெயர், கேட்கும் பாட்டு, நம் தெரு எல்லாவற்றையும் வைத்து இனத்தைக் கணித்து, நமக்குக் காட்ட வேண்டாமென்று அவர்கள் குறித்திருந்ததை அலுவலகக் கணினியில் பார்த்தேன்.

மேலாளரிடம் கேட்டேன். ஆமாம், வாயே திறக்காத நானேதான்.

“அவங்கெல்லாம் இதுக்கு வரமாட்டாங்கம்மா.”

“எங்க அக்கா வருவா சார். நீங்க காட்டலைன்னா அவளுக்கு எப்படித் தெரியும்?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் நான் உட்காரவில்லை. கடைசியில் அவரே அந்தக் குறியை நீக்கினார்.

என்னைப் படிக்க வைக்க நீ எதை விட்டாய் என்று எழுதமாட்டேன், திட்டுவாய். மாலையில் விளம்பரம் உன் போனுக்கும் வந்துவிட்டது. திறந்தே வைத்திருக்கிறேன். விண்ணப்பிக்கும் பொத்தானை நீதான் அழுத்த வேண்டும்.

உன் ஊமைக்கோட்டான்