மூன்று நாள் மல்லித்தண்ணி

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டுக் குசினியிலிருந்து கொத்தமல்லி அவியும் மணம் மேலே ஏறி வந்தது. இஞ்சியும் தட்டிப் போட்டிருக்கிறார்கள் போல. மற்றவர்களுக்கு அது சளி, தடிமனுக்கான கைமருந்தின் மணம். எனக்கு அப்படி இல்லை. ஜன்னலைச் சாத்தினேன், போகவில்லை. வெள்ளவத்தைக் கடற்காற்று கொடியில் காயும் உடுப்பை எல்லாம் அள்ளிக்கொண்டு போகும், போக வேண்டியதை மட்டும் விட்டுவிடும்.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. செத்தவீட்டில் எல்லோரையும் போல நானும் அழுதேன். எல்லோரையும் விடக் கொஞ்சம் கூடவே அழுதேன். "பாவம், நல்ல சிநேகிதம்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்த அழுகையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல எத்தனையோ நாள் இருந்தது, சொல்லவில்லை.

நான்கு வருடமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினோம். நீங்கள் இரண்டாம் மாடி, நான் உங்களுக்கு நேர் மேலே மூன்றாம் மாடி. "என்ன, மழை வருமோ" என்பதற்கு மேல் கதைத்ததில்லை. உங்கள் மதுராவும் என் கவினும் ஒரே வகுப்பு என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. ஊரடங்கு வந்துதான் எங்களைச் சேர்த்து வைத்தது. மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போட வருவோம். அந்தத் தொங்கலில் நீங்கள், இந்தத் தொங்கலில் நான், நடுவில் யாருடையதோ படுக்கை விரிப்பு. உங்கள் கணவர் கட்டாரில் மாட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் சட்டை தைப்பதை நிறுத்தி முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தீர்கள். என் கணவர் வீட்டிலேயேதான் இருந்தார், ஆனால் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு 'மீற்றிங்'கில் இருந்தார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நான் சொல்ல, விரிப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள் சிரித்தீர்கள்.

அந்தச் சூம் வகுப்புகள்! காலை எட்டு மணிக்கு முப்பத்தைந்து சதுரங்களில் முப்பத்தைந்து வீட்டு அலங்கோலம். ஒரு சதுரத்தில் சாரத்தோடு, மேலே ஒன்றும் இல்லாமல் ஒரு அப்பா குறுக்கே போவார். இன்னொன்றில் ஒரு கை மட்டும் வந்து பிள்ளையின் வாயில் இடியப்பத்தைத் திணித்துவிட்டு மறையும். டீச்சர் "ஏழெட்டு எத்தனை?" என்று கேட்டால் பிள்ளையின் வாய் அசைவதற்கு முன்பே ஒரு பெரிய ஆளின் குரல் "ஐம்பத்தாறு" என்று வரும். "அம்மாமார் கொஞ்சம் மியூட்டில இருங்கோ" என்று அந்தப் பிள்ளை, ஓம், அந்த டீச்சரும் ஒரு சின்னப் பிள்ளைதான், கெஞ்சுவாள்.

நான் மியூட்டில்தான் இருந்தேன். மேசைக்குக் கீழே இருந்தேன். காப்புறுதிக் கம்பனியில் பத்துப் பேரை மேய்க்கிற பெண், நைற்றியோடு மேசைக்கடியில் குந்தியிருந்து மகனின் முழங்காலில் தட்டித் தட்டி விடை சொன்னேன். நான்கு தட்டினால் நான்காவது விடை. கவினும் நன்றாகப் பழகிவிட்டான். கேள்வியைக் கேட்பதை விட்டு முழங்காலைக் கேட்கத் தொடங்கினான்.

நீங்கள் அப்படி இல்லை. இருந்த ஒரே போனைத் தையல் மெஷினில் சாய்த்து மதுராவை அதற்கு முன்னால் இருத்திவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பீர்கள். மெஷின் சத்தம் வகுப்பைக் குழப்பும் என்று அந்த மூன்று மணித்தியாலமும் கையாலேயே தைப்பீர்கள். ஒருநாள் சீனி கடன் கேட்டு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஏன் திரும்பி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் அவளப் பாத்துக்கொண்டிருந்தா அவள் என்ர முகத்தைத்தான் பாப்பாள். மிஸ்ஸைப் பாக்கமாட்டாள்" என்றீர்கள்.

அன்று எனக்கு அது வெறும் அசட்டுத்தனமாகத்தான் பட்டது.

பிறகு தவணைப் பரீட்சை வந்தது. வினாத்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், பிள்ளை வீட்டில் இருந்து எழுத வேண்டும், தாய் தகப்பன் படம் பிடித்து அனுப்ப வேண்டும். இதைக் கண்டுபிடித்தவருக்குப் பெற்றோரைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. டீச்சர் இல்லாத இரண்டாவது வாட்ஸ்அப் குறூப் ஒன்றை அடுத்த நாளே தொடங்கிவிட்டோம். 'மூன்றாம் கேள்விக்கு என்ன போட்டீங்கள்?' 'என்ர வந்து 24.' 'ஐயோ, நான் 42 எழுதிப்போட்டன், அழிக்கிறன்.' தரம் நான்குப் பரீட்சையை முப்பது தாய்மார் எழுதினோம். குறூப்பில் நீங்களும் இருந்தீர்கள். ஒரே ஒரு செய்தி போட்டுவிட்டு வெளியே போனீர்கள்: 'பிள்ளைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு போதும். நான் போறன்.' உடனே உங்களைப் பற்றி எத்தனை பேர் என்னென்ன எழுதினார்கள் என்று சொல்லமாட்டேன். சிரிக்கிற முகங்களைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

நான் கவினின் கணிதத்தாளை இடது கையால் எழுதினேன், அக்கா. பிள்ளையின் எழுத்துப் போலத் தெரிய வேண்டும் என்று. சந்தேகம் வரக்கூடாது என்று இரண்டு புள்ளிக்கு வேண்டுமென்றே பிழை விட்டேன். தொண்ணூற்றெட்டு வந்தது. அதை மொட்டை மாடியில் உங்களிடமே பகிடியாகச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. "கவின் பக்கத்தில இருந்தவனோ?" என்று மட்டும் கேட்டீர்கள். இருந்தான். என் இடது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மதுராவுக்கு நாற்பத்தொன்று.

பாடசாலை திறக்கப் போகிறது என்ற செய்தியோடு அந்தப் பட்டியலும் வந்தது. இடம் விட்டு இருத்த வேண்டுமாம், அதனால் வகுப்பை மூன்றாகப் பிரிக்கிறார்களாம், பிரிப்பது அந்தப் பரீட்சைப் புள்ளியை வைத்தாம். கவின் ஏ. மதுரா சி. கெட்டிக்கார டீச்சர்மார் எல்லோரும் ஏ பிரிவுக்கு. ஒரு தடவை சி என்று விழுந்தால் அந்தப் பிள்ளை பிறகு மேலே வருவது அந்தப் பாடசாலையில் நடக்காத காரியம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் மொட்டை மாடிக்கு உடுப்பு இல்லாமல் வந்தீர்கள்.

"திங்கக்கிழமை அதிபர் வாறாவாம். போய்க் கதைக்கப் போறன். பிள்ளையளைக் கூப்பிட்டு முன்னால வச்சு இன்னொருக்கா எழுத விடச் சொல்லிக் கேக்கப்போறன். நான் தனியப் போய்ச் சொன்னா, பிள்ளைக்குப் புள்ளி குறைஞ்ச எரிச்சலில சொல்லுறன் எண்டுதான் நினைப்பா. நீங்களும் வாங்கோ. உங்கட போனில அந்த குறூப் இருக்குத்தானே?"

"ஓம் அக்கா, வாறன்" என்றேன். அந்த நேரம் உண்மையாகத்தான் சொன்னேன். படியிறங்கி என் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் புத்தி தெளிந்துவிட்டது. திரும்ப எழுத விட்டால் கவின் எங்கே நிற்பான்? ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் அவன் முழங்காலைத்தானே தேடுவான்?

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உங்களுக்குச் செய்தி அனுப்பினேன்: 'அக்கா, கவினுக்குக் காய்ச்சல். வர ஏலாது.'

தலையிடி என்று சொல்லியிருக்கலாம். அலுவலக வேலை என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் இருக்கிற அத்தனை பொய்யையும் விட்டுவிட்டு, காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டாலே சுகாதாரப் பரிசோதகர், அந்த பீ.எச்.ஐ., வந்து கட்டடத்துக்கே பூட்டுப் போடுகிற காலத்தில், அந்தச் சொல்லைத் தேடி எடுத்தேன். நீங்கள் பயந்து விலகி நிற்பீர்கள் என்பதுதான் கணக்கு.

உங்கள் பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. 'ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நானும் சொல்லமாட்டன். அதிபரைப் பிறகு பாப்பம்.'

அரை மணித்தியாலத்தில் கதவு தட்டுப்பட்டது. திறந்தபோது ஆளில்லை. கதவுப் பிடியில் ஒரு துணிப்பை, அதற்குள் நீலப் பிளாஸ்க், அது நிறைய மல்லித்தண்ணி. கூடவே உங்கள் குரல் படிக்கட்டிலிருந்து: "சுடச்சுடக் குடுங்கோ. வெறும் போத்திலை வெளியில வையுங்கோ, நான் எடுத்துக் கழுவுவன்."

கவின் அந்த நேரம் விறாந்தையில் பந்தைச் சுவரில் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தான். "சும்மா எறியாதை, கீழ கேக்கும்" என்று அவன் முதுகில் ஒன்று போட்டேன். மல்லித்தண்ணியைக் குசினித் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். பிளாஸ்க்கை வெளியே வைத்தேன். நோய் ஒட்டியிருக்கிறது என்று நம்பி அதை நீங்கள் வெறுங்கையால் எடுத்துப் போனீர்கள். வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமையும் வந்தது. ஊற்றினேன். புதன்கிழமையும் வந்தது. ஊற்றினேன். வியாழக்கிழமை வரவில்லை. அன்று நீங்கள் தனியாக அதிபரிடம் போய்விட்டு வந்தீர்கள் என்று பின்னால் தெரிந்தது. "முப்பத்துநாலு பேர் ஒண்டும் சொல்லேல்லை, நீங்கள் மட்டும் சொல்லுறியள்" என்று அதிபர் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அதற்குப் பிறகும் நீங்கள் என்னோடு கதைத்தீர்கள். மழை வருமோ என்று கேட்டீர்கள். அதற்கு மேல் இல்லை. மூன்றாம் நாள் வெளியே வைத்த பிளாஸ்க்கை நீங்கள் எடுக்க வரவில்லை, அது என்னிடமே நின்றுவிட்டது. நீங்கள் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. அலுமாரியின் மேல் தட்டில், பழைய பைகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

இன்று காலை அந்த மணம் நிற்கவேயில்லை. பிளாஸ்க்கை எடுத்துத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மதுராதான் கதவைத் திறந்தாள். உங்கள் உயரம் வந்துவிட்டது. அப்பாவுக்குத் தடிமனாம். கட்டாரிலிருந்து வந்தவர் இனிப் போகமாட்டாராம். இப்போதும் அவள் சி வகுப்பில்தான். என் கவின் ஏ வகுப்பில், நான்கு டியூஷனோடு, சோதனைக்கு முதல் நாள் "நீங்களே செய்து தாங்கோ அம்மா" என்று கொப்பியைத் தள்ளுகிறவனாக இருக்கிறான்.

"இது அம்மாவின்ர" என்று பிளாஸ்க்கை நீட்டினேன். வாசலிலேயே நின்று, பதினான்கு வயதுப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். காய்ச்சல் பொய் என்று சொன்னேன். தொட்டியில் ஊற்றியதையும் சொன்னேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் அன்ரி" என்றாள். "உங்கட குசினித் தண்ணி போற பைப் எங்கட பின் பல்கனியாலதானே இறங்குது. அதில ஒரு வெடிப்பு. அண்டைக்கு அம்மா துணி பிழிஞ்சுகொண்டு நிண்டவா, பைப்பால மல்லி மணந்தது. சுடுதண்ணி ஆவியும் வந்தது."

"முதல் நாளே?"

"ஓம், முதல் நாளே."

"பிறகு ஏன் ரெண்டு நாள் தந்தவா?"

மதுரா திரும்பி அடுப்பைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசித்தாள் என்று நினைக்கிறேன்.

"நானும் கேட்டனான். 'அவ வந்து சொல்லுவா, மூண்டு நாள் பாப்பம்' எண்டு சொன்னவா."

தெரிந்த பிறகும் இரண்டு நாள் காலையில் அடுப்பை மூட்டி, இஞ்சி தட்டி, படியேறி வந்து, கதவைத் தட்டிவிட்டு இறங்கிப்போய், அந்த வெடித்த பைப்புக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள். நான் வருவேனா, ஊற்றுவேனா என்று. மூன்று நாளும் உங்களுக்குப் பதில் பைப்பால் வந்தது.

மதுரா பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள். "நல்லதாப் போச்சு, அப்பாக்கு ஊத்தி வைக்கலாம்" என்று உள்ளே போனாள். நினைவுப்பொருள் என்று நான் இத்தனை வருடம் ஒளித்து வைத்தது, உங்கள் வீட்டுக்கு வெறும் போத்தல்தான். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கோப்பை இருந்தது.

"கூட வச்சிட்டன். குடிக்கிறியளோ?"

வாங்கினேன். சீனி இல்லை, இஞ்சி அதிகம், அடியில் மல்லித்தூள் மண்டியிருந்தது. வாசலில் நின்றபடியே, மண்டி வரைக்கும் குடித்தேன். மதுரா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள்.

பிறகு மேலே வந்து கவினை மேசையில் இருத்தினேன். கொப்பியைத் தள்ளினான். தள்ளிய இடத்திலேயே விட்டுவிட்டு, கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டி இருந்தேன். ஒரு மணித்தியாலமாக அவன் எழுதும் சத்தம் கேட்கவில்லை, அக்கா. நானும் திரும்பவில்லை. வாயில் இன்னும் கசக்கிறது.